முதல் வாங்கில் ஓர் இடம்

முதல் வாங்கில், அந்த நீண்ட மர ஆசனத்தின் சுவரோரத்தில், எப்போதும் ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கும். அது பெரியப்பாவின் இடம். அவர் இறந்து பல வருடங்களாகியும், ஊருக்கே பெரியம்மாவாக இருந்த என் பெரியம்மா, ஞாயிறுதோறும் அங்கே புத்தகத்தை வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் அமர்வார். அதற்குப் பின்னால் இருந்த வாங்கில் நாங்கள். முல்லைத்தீவுப் பக்கத்து எங்கள் அங்கிலிக்கன் கோயில் வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர் கட்டியது. எந்தக் குடும்பத்துக்கு எந்த வாங்கு என்பது அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. வேதவசனம் மறந்தாலும் எங்கள் ஆட்களுக்கு வாங்கு மறக்காது.

எழுபத்தேழு கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் லொறிகளில் வந்து இறங்கின. அப்போதிருந்த குருவானவர் கோயிலைத் திறந்துவிட்டார். வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிலாக்கினோம். முதல் வாங்கை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பெரியம்மா சோறு காய்ச்சினார், தன் சேலைகளைக் கொடுத்தார். அந்த வாங்கைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

வந்தவர்களில் ஒருத்தி நிறைமாதக்காரி. கணவன் என்ன ஆனான் என்று அவளுக்குத் தெரியாது. வாங்குக் கட்டில்கள் நிறைந்துவிட, சீமெந்துத் தரையில் படுக்க முடியாமல் ஒரு மத்தியானம் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதில வந்து படு பிள்ளை. இந்த இடம் கனகாலமாச் சும்மாதான் கிடக்கு."

அந்த மாதமே அவளுக்கு மகன் பிறந்தான். அவர்கள் விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். வாங்குகள் பழைய இடத்துக்குத் திரும்பின. புத்தகமும்தான்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை தொடங்கியபின், நெற்றி நிறையத் திருநீறோடு அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேரே முன்னால் போனாள். புத்தகத்தை எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பாவம், எங்கள் வாங்கு வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? அன்று கொடுத்ததை என்றைக்குமாகக் கொடுத்ததென்று நினைத்துவிட்டாள். கோயில் காரியங்களைப் பார்த்துவந்த அப்பா எழுந்துபோய் அவளைப் பின்னால் வரச் சொன்னார்.

அவள் பயந்துபோனாள். "இது அம்மா எனக்குக் குடுத்த எடங்க" என்றாள்.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம்.

"ஓம், நான்தான் குடுத்தனான்" என்றார் பெரியம்மா. பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு நத்தாருக்கு நத்தார், இயேசு பிறந்த நாள் ஆராதனைக்கு, அவர்கள் மூவரும் அந்த வாங்கில் இருந்தார்கள்.

யுத்தம் கூரையையும் கொண்டுபோனது, வாங்குகளையும் கொண்டுபோனது. திருத்திக் கட்டிய கோயிலில் இப்போது பிளாஸ்டிக் கதிரைகள்; யாரும் எதிலும் இருக்கலாம். பல வருடங்களுக்குப் பிறகு போன நத்தாருக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் சுவரோரமாகத் திருநீறு பூசிய ஒருவர் இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு பாட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. அதை எடுத்துவிட்டு உட்காரப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, அதில இருக்காதேங்கோ" என்றார் மெதுவாக. "அது பெரியம்மாட இடம்."

புத்தகத்தை இருந்தபடியே வைத்தேன். பின்வரிசையில், என் பழைய இடத்தில், போய் உட்கார்ந்தேன்.