வெயில் சிதைத்த மருந்து

தேன்கனிக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர்தான் ஓசூரில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க தண்ணி டெஸ்ட் அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க சார்." ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

அந்த ரோசலின் அம்மாளின் படிப்பைப் பற்றி, அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிதண்ணீரைச் சோதிக்கும் ரசாயன நிபுணராக அவர் இந்தப் பக்கம் வந்தபோது நான் சானிடரி இன்ஸ்பெக்டர். எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எடுக்க வருகிறவர்களிடம்தான் பேசுவார். "குடிக்கிறவங்களை விட்டுட்டுத் தண்ணியை மட்டும் பார்த்து என்ன செய்ய?" என்பார்.

தளிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் காலரா கண்டது. ஊருக்கே ஒரு குட்டைத் தண்ணீர்தான். காலையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினோம். சோதித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பயமில்லாம எடுங்க" என்றார் அம்மாள். அன்று மத்தியானம் எடுத்த தண்ணீரைக் குடித்த புட்டம்மாவின் மகள் மறுநாள் நோயில் விழுந்தாள். பிழைக்கவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதானே குடுத்தேன்?" என்று கேட்டாள் புட்டம்மா.

அம்மாள் குட்டைக்குத் திரும்பிப் போனார். மறுநாள் காலை, புதிதாக மருந்து கலந்த தண்ணீரை இரண்டு வாளிகளில் எடுத்தார். ஒன்றைச் சாக்கால் மூடி, மற்றதை வெயிலில் விட்டார். உச்சிப்பொழுதில் சோதனைத் திரவத்தைச் சேர்த்தபோது மூடியிருந்த தண்ணீர் நீலமாயிற்று. வெயிலில் இருந்தது நிறம் மாறவில்லை. அதில் மருந்தே மிச்சமில்லை.

"அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே நோய் தொத்தியிருக்கலாம்மா. சொல்லாம விட்டுடலாமே" என்றேன்.

"இருக்கலாம் சார். அது நமக்கு ஆறுதல். அந்தம்மாவுக்கு இல்லை."

புட்டம்மாவின் வாசலுக்குப் போனார். ஊரார் கூடி நிற்க, "தப்பு என்னுது. காலையில போட்ட மருந்தை வெயில் சிதைச்சுடுச்சு. எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

புட்டம்மா "எப்ப போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"பொழுது சாஞ்சப்புறம். விடியறப்ப பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

அன்று மாலை மருந்து போட்டபின், குடத்தோடு வந்தவர்களைக் கரையில் நின்று திருப்பி அனுப்பியவள் புட்டம்மாதான். அந்த வாரத்துக்குப் பிறகு ஊரில் புதிதாக யாரும் படுக்கவில்லை. ஆனால் அம்மாள் அதைத் தன் வெற்றியாக ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஊர்ப் பேச்சு வந்தால் அந்தச் சிறுமியின் பெயரைத்தான் சொல்வார்.

இப்போதெல்லாம் எந்த ஊரிலும் மருந்து போட்டவுடன் நான் கிளம்பிவிடுவதில்லை. "எடுத்துக் குடியுங்கள்" என்று சொல்வதற்குமுன் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் அவர் எனக்கு விட்டுப்போனது. அதை நான் இழக்க மாட்டேன்.