எங்கள் தோட்டத்துச் சில்வண்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், பெடாஸ் என்னும் ஊரை அடுத்த இரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்தோம். ஒரு நாள் பிற்பகல், வேலை முடிந்தபின், அம்மாவும் அத்தையும் என்னையும் அழைத்துக்கொண்டு, தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலிருந்த குன்றுக்கு விறகு பொறுக்கச் சென்றனர். தாய்ப்பால் அன்றி வேறொன்றும் அறியாத என் தம்பி, ஆயாக் கொட்டகையில் மற்றக் கைக்குழந்தைகளோடு உறங்கிக்கொண்டிருந்தான். அவன் விழிப்பதற்குள் வந்துவிடுவதாக ஆயாவிடம் அம்மா கூறியிருந்தார்.

விறகு சேர்ந்தது, வழி தவறியது. புதர்களுக்குள் நெடுநேரம் அலைந்தபின் இரப்பர் மரங்கள் தென்பட்டன. மர நிரையைப் பிடித்து நடந்தால் வீடு வந்துவிடும் என்பது, தோட்டத்தில் பிறந்தவர் எவரும் ஐயுறாத கொள்கை. பெரியவர்கள் விரைந்தனர். நானோ நின்றுவிட்டேன். அரத்தால் இரும்பைத் தேய்ப்பது போன்ற இரைச்சல் காதை அடைத்தது. அப்படிக் கத்துவது அடர்காட்டில் வாழும் பெரிய சில்வண்டு. களையெடுத்த எங்கள் தோட்டத்தில் இருப்பது சிறியது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒலிக்கும். அதைப் பிடித்து நூலில் கட்டி விளையாடி, அதற்காக அடியும் வாங்கியவள் நான்.

“இது நம்ம வண்டு இல்லம்மா. காட்டு வண்டு.”

“வழி தெரியாம நிக்கிறோம், இவளுக்கு வண்டு ஆராய்ச்சி. நடலா,” என்றார் அத்தை.

அம்மா மட்டும் அருகிலிருந்த மரத்தைத் தடவினார். பட்டையில் கத்தி பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பால் ஏந்தும் மங்கு எந்த மரத்திலும் இல்லை. யாரோ கைவிட்ட தோப்பில் காடு மீண்டும் குடியேறியிருந்தது. அந்த நிரை எங்களை இன்னும் உள்ளேதான் கொண்டுபோயிருக்கும்.

“நம்ம வண்டு எந்தப் பக்கம் கத்துது? கேட்டுச் சொல்லு,” என்றார் அம்மா.

மூவரும் அசையாமல் நின்றோம். பேரிரைச்சல் சற்றே ஓய்ந்த இடைவெளியில், இடப்பக்கச் சரிவிலிருந்து அந்த மெல்லிய ஓசை வந்தது. கைகாட்டினேன். அம்மா விறகை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார். அத்தை தம் விறகுச் சுமையை விட மனமின்றி முணுமுணுத்தவாறே தொடர்ந்தார். ஓடையைக் கடந்ததும் புல் செதுக்கிய தரை, மரந்தோறும் மங்குகள்.

“பொழச்சோம். இனிமே நீ வண்டு புடிச்சா ஒன்ன அடிக்க மாட்டாங்க,” என்று அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார்.

கொட்டகை வாசலிலேயே தம்பியின் அழுகை கேட்டது. அவனை வாங்கி அணைத்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்த அம்மாவின் சட்டை, மார்பு முழுதும் நனைந்திருந்தது. ஓடிவந்ததால் அத்தனை வியர்வை என்றெண்ணிய நான், அங்கே கிடந்த அட்டையொன்றை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்கினேன்.