நார்த்தாமலை விலக்கில் மூன்று முறை நின்ற சார்ஜர்

2025 மே 14, காலை 10 மணி 10 நிமிடம். நார்த்தாமலைக்குச் சாலை பிரியும் விலக்குக்குச் சற்றுத் தள்ளி, திருச்சி சாலையோர உணவகம் ஒன்றின் முன்னாலிருந்த ஃபாஸ்ட் சார்ஜரில் வெள்ளை நிற மின்கார் ஒன்று வந்து நின்றது. நான் உள்ளே மூன்றாவது மேசையில் தேநீருடன் அமர்ந்திருந்தேன்.

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே பகுதிநேரமாக நான் செய்துவந்த வேலை இதுதான். தொலைதூரம் செல்லும் மின்கார்க்காரர்களுக்கு வழிகாட்டும் செயலி ஒன்றுக்காக, புதுக்கோட்டை மாவட்டத்தின் சார்ஜிங் நிலையங்களுக்குச் சென்று மதிப்பிட வேண்டும். காரில் செருகும் ‘கன்’ சரியாகப் பொருந்துகிறதா, நிமிடத்துக்கு எத்தனை விழுக்காடு ஏறுகிறது, நிழல் உண்டா, கழிப்பறையில் தாழ்ப்பாள் உண்டா என்று இருபத்திரண்டு கேள்விகள். விதி ஒன்று: மதிப்பீட்டாளர் தன்னை யாரென்று சொல்லக் கூடாது, எதிலும் தலையிடக் கூடாது. இயல்பிலேயே அதிகம் பேசாத எனக்கு அந்த விதி வசதியாக இருந்தது. என்னிடம் கார் இல்லை. எல்லா நிலையங்களுக்கும் பேருந்தில்தான் போய், அங்கே வருகிறவர்களின் வண்டிக்கு ஏறுவதைப் பார்த்துக் குறிப்பேன்.

இந்த நிலையத்துக்கு பிப்ரவரியிலேயே ஒருமுறை வந்திருந்தேன். அன்று மாலை ஐந்தரைக்கு வந்த ஒரு வண்டிக்குத் தடையின்றி ஏறியது. ‘நம்பி வரலாம்’ என்று பச்சைக்குறி இட்டேன். மே மாத வருகை மறுமதிப்பீடு.

காரில் வந்தவர்கள் இருவர், ராமநாதபுரத்துக்காரர்கள். ஓட்டியவர் சரவணன். உடன் வந்தவர் அவருடைய அக்காவின் கணவர் கணேசன்; சிங்கப்பூரில் புது வேலைக்குப் போகிறவர். பதினொன்றரைக்குள் திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்தாக வேண்டும். இந்த விமானத்தை விட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று அவர் தொலைபேசியில் மனைவியிடம் சொன்னது என் மேசைவரை கேட்டது. காரில் மீதமிருந்த சார்ஜ் ஆறு விழுக்காடு, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. விமான நிலையம் முப்பது கிலோமீட்டர்.

சார்ஜர் மூன்று நிமிடம் ஓடி நின்றது. மீண்டும் போட்டார்கள், இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் நின்றது. மூன்றாம் முறை தொடங்கியதுமே நின்றது. மொத்தம் ஒரு விழுக்காடுதான் ஏறியிருந்தது. நேரங்களைக் குறித்துக்கொண்டேன்.

“என்னக்கா இது, ஏறுறதுக்குள்ள புட்டுக்குது?” என்றார் சரவணன்.

உணவகத்தை நடத்தும் சுகந்தி கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தார். “ஒம்பது மணிக்கு மேல இங்கிட்டு எல்லாரும் போர் மோட்டாரப் போட்ருவாங்கண்ணே. ஒரே டிரான்ஸ்பார்மரு. வோல்டேஜ் எறங்குனா இது நின்னுரும். மூணு மணியோட எல்லாரும் நிப்பாட்டிருவாங்க, அதுக்கு மேல வந்தீங்கன்னா ஜம்முனு ஏறும்.”

“மூணு மணிக்கு நான் கடலுக்கு மேல இருக்கணும் தாயி” என்றார் கணேசன். பிறகு சரவணனைப் பார்த்து, “டீசல் வண்டி சொல்லுவோம்னேன். நீதான் மாப்ள, சத்தமில்லாமப் போகலாம்னே. இப்பச் சத்தமே இல்ல.”

சுகந்தி பக்கத்துத் தோட்டத்துக்காரரை அழைத்தார். “சித்தப்பா, ஒரு அரை மணி நேரம் மோட்டார நிப்பாட்டுறீங்களா? ஃபிளைட்டுக்குப் போறவுக நிக்கிறாக.”

“நான் நிப்பாட்டுனா மத்தவன் நிப்பாட்டுவானா? கடலைக்கு இன்னிக்கு விட்டாத்தான் தண்ணி.” ஸ்பீக்கரில் குரல் வந்து, அறுந்தது.

சுகந்தி அடுத்தவரை அழைத்தார். அவர் எடுக்கவில்லை. கீரனூரில் டாக்சி கேட்டார்கள். வர முக்கால் மணி நேரம் என்றார்கள்.

திருச்சி விமான நிலையம் இதே சாலையில், நகரத்துக்கு முன்பாகவே இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து போகும் பேருந்துகள் அதன் வாசலில் நின்று செல்லும். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. சுகந்திக்குத் தெரியும், ஆனால் தம் சார்ஜரை ஓடவைப்பதிலேயே அவர் கருத்தாக இருந்தார். எனக்கும் தெரியும். நானோ பதினேழாவது கேள்வியை, ‘பணியாளர் நடத்தை’ என்பதை, நிரப்பிக்கொண்டிருந்தேன். மணி 10.38.

எழுந்து போனேன்.

“அண்ணே, பஸ்ஸுல ஏறிருங்க. ஏர்போர்ட் வாசல்லயே நிக்கும். முக்கா மணி நேரத்துக்குள்ள போயிரலாம்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முதல் பேருந்து பாயின்ட் டு பாயின்ட், நிற்காமல் போனது. 10.44க்கு வந்த அடுத்ததைச் சுகந்தி சாலை நடுவே இறங்கி மறித்தார்.

“பெட்டிய என்ன மடியிலயா வக்கிறது?” என்று நடத்துநர் சலித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தாமே தூக்கி உள்ளே இழுத்தார்.

11.26க்குச் சரவணனின் தொலைபேசி ஒலித்தது. “உள்ள விட்டுட்டாய்ங்க மாப்ள. நான்தான் கடைசி ஆளு.”

சரவணன் என் எதிரே வந்து அமர்ந்து செயலியைக் காட்டினார். “பச்சை டிக்கு போட்டுருக்கு பாருங்க. எந்தப் புண்ணியவான் வேலையோ.”

“நான்தாங்க போட்டேன்” என்றேன்.

அவர் தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, “நீங்க எதுல வந்தீங்க?” என்றார்.

“பஸ்ஸுல.”

“அதான பாத்தேன்.” மூன்று மணிவரை காத்திருக்க அவர் ஒரு சாப்பாடு சொன்னார்.

மாலையில் என் மேற்பார்வையாளரை அழைத்தேன். எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் ஏறாது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை என்றேன். “பச்சை டிக்க எடுத்துட்டு அனுப்பிருங்க, போதும்” என்றார். அப்படிச் செய்தால் மாலை வருகிறவர்களுக்கு அது பொய்யாகும். ‘ஒன்பது முதல் மூன்று வரை நம்பி வர வேண்டாம், மற்ற நேரங்களில் நன்று’ என்று குறிப்பில் எழுதி அனுப்பினேன். என் பெயரையும் சேர்த்தேன். களைப்பாக இருந்தது. உண்மையாகப் பார்த்து எழுதியதும் ஒரு பொழுதுக்கு மட்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதை அந்த வேலையில் நான் தாமதமாகத்தான் கற்றேன். இருபத்தெட்டு நிமிடம் வாய் மூடியிருந்ததற்கு விதியைக் காரணம் சொல்வதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை கொடும்பாளூர் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். அங்கிருந்த நிலையத்துக்கும் முன்பு மாலை வேளையில்தான் பச்சைக்குறி இட்டிருந்தேன். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, படிவத்தைப் பையிலேயே விட்டுவிட்டு, காவலாளியிடம் நான் யாரென்று சொன்னேன். “இங்க மோட்டார் எத்தன மணிக்கு போடுவாங்கண்ணே?” என்று கேட்டேன்.