காந்தம் ஒட்டாத இடம்

எங்கள் பழைய கார்ச் சங்கத்தின் போட்டி விதிகளை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வேலை படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்த செயலாளர், இவ்வளவு சட்டம் அரசாங்கக் கச்சேரியிலும் இல்லை என்றார்.

கார் நாற்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். லொறியில் ஏற்றி வரக்கூடாது, தன் சக்கரத்திலேயே ஓடி வர வேண்டும். தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருப்பது முதலாம் வகுப்பு. அதே மாதிரிக் காரின் பாகங்களைப் போட்டுத் திருத்தியது இரண்டாம் வகுப்பு. கண்டதையும் போட்டு ஒப்பேற்றியது மூன்றாம் வகுப்பு. அதற்குரிய படிவத்தில் 'மாற்றம் செய்தவர்' என்று ஒரு கட்டம் வைத்தேன். குற்றவாளி யாரென்று தெரியவேண்டாமா! டயர், பற்றறி, பல்ப் மூன்றுக்கும் மன்னிப்பு உண்டு. தகரத்துக்கு இல்லை. துருப்பிடித்த ஓட்டையைப் பசையால் மெழுகிப் பெயின்ற் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? பழைய வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வைத்த இடத்தில் ஒட்டினால் தகரம். விழுந்தால் மூன்றாம் வகுப்பு.

உள்ளதைச் சொன்னால், இவ்வளவு பாடும் என் மொறிஸ் மைனர் காருக்காகத்தான். முதலாம் வகுப்புக் கோப்பை எனக்கு வேண்டும். அதை வைப்பதற்காக அலுமாரியில் இடம் ஒதுக்கி, அங்கே இருந்த மனைவியின் விருந்துப் பீங்கான்களைக் குசினிக்கு அனுப்பியும்விட்டேன். மைனர் காரில் முதலில் உக்குவது கால் வைக்கும் அடித்தட்டு. மழைத்தண்ணீர் இறப்பர் விரிப்புக்குக் கீழே தேங்கி நின்று அரித்துவிடும். என்னுடையதில் ஒரு துருப்பொட்டு இல்லை. தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற எவரையும் சும்மா விடமாட்டேன். காருக்குக் கீழே குனிய வைத்துக் காட்டி, "அந்தக் காலத்து வேலை, இப்ப ஆராலை ஏலும்?" என்று கேட்பேன். மனைவி தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பா.

போட்டி கிளிநொச்சியில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. புளியங்குளத்திலிருந்து ஒருவர் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை ஓட்டிவந்து, நாற்பது வயது தாண்டிவிட்டது, தன் சக்கரத்தில்தான் வந்தது, என்ன குறை என்று நின்றார். அவரை அனுப்பவே அரை மணித்தியாலம் போயிற்று. பிறகு ஒவ்வொரு காராகக் காந்தம் வைத்தேன். கதவில் விழுந்தது, மட்கார்ட்டில் விழுந்தது, ஒரு காரில் கூரையிலேயே விழுந்தது. பத்து மணிக்கு முதலாம் வகுப்பு வரிசையில் என் கார் மட்டும் நின்றது. எனக்கு உள்ளுக்குள்ளே வலு புழுகம், கோப்பையே கைக்கு வந்துவிட்ட சந்தோசம்.

கடைசியாகக் கொக்கிளாயிலிருந்து ஒரு பெண் தன் தகப்பனின் ஏ 40 காரை, எங்கள் வாயில் ஏ போட்டி, ஓட்டிவந்தா. அவவுக்கு நாற்பது வயதிருக்கும். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. கோப்பைக்குப் போட்டியாக ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பொனெற்றைத் திறந்த பிறகுதான் மூச்சு வந்தது. உள்ளே ஒரு சேலைன் போத்தல் தொங்கியது, அதிலிருந்து ஒரு குழாய் கார்பரேற்றருக்குப் போனது. யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் எங்கள் பக்கக் கார்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். நானும் ஓட்டியவன்தான். ஆனாலும் மூன்றாம் வகுப்பு என்றேன்.

"இது இல்லாட்டி இந்தக் கார் இண்டைக்கு இல்லை, ஐயா," என்றா அவ.

சட்டம் சட்டம்தான் பிள்ளை என்றேன். அவ படிவத்தை வாங்கி, 'மாற்றம் செய்தவர்' கட்டத்தில் தகப்பனின் பெயரை முத்து முத்தாக எழுதினா. கட்டம் சின்னதாக இருக்கிறது, பின்பக்கத்திலும் எழுதலாமா என்று கேட்டா. எழுதுங்கோ என்றேன்.

நடுவரும் நான்தான். நடுவரின் காரை வேறொரு போட்டியாளர் சோதிக்க வேண்டும் என்பதும் என் விதிதான். ஊர்வாயை மூடுவதற்காக எழுதியது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணிடமே காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கதவு, கூரை, மட்கார்ட் எல்லாம் ஒட்டியது. அவ சாரதி பக்கத்து விரிப்பை மடித்து அடித்தட்டில் வைத்தா. காந்தம் விழுந்தது. இன்னொரு முறை வைத்தா, திரும்பவும் விழுந்தது. விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டா.

"ஐயா, இது தகரமில்லை, வள்ளம் கட்டிற பைபர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காந்தத்தைப் பறித்து நானே வைத்தேன். வைத்த இடமெல்லாம் விழுந்தது. எந்த மடையன் என் காரில் கை வைத்தவன் என்று கத்தினேன். சாப்பாட்டுப் பாசலோடு வந்து நின்ற மனைவி, மடையன் இல்லை, நான்தான் என்றா.

பல வருசத்துக்கு முன் நான் கால் முறிந்து வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தபோது, தகரம் உக்கி விழுந்து றோட்டுத் தெரிந்ததாம். கொக்கிளாயில் வள்ளம் திருத்துகிற தன் தம்பியிடம் காரைக் கொண்டுபோய், தானும் கூடநின்று பசை குழைத்து, படை படையாக ஒட்டி, மேலும் கீழும் கறுப்பு மை பூசியிருக்கிறா. இல்லாவிட்டால் என்னை ஏற்றிவரும்போது மாக்கட்டுப் போட்ட கால் றோட்டில் இழுபட்டிருக்குமாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே சுரண்டி எறிந்திருப்பேன். அது உண்மை.

கொக்கிளாய்ப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டு விரிப்பைப் பழையபடி விரித்தா. தான் ஒன்றும் காணவில்லை என்று மெதுவாகச் சொன்னா. அப்படியே மறைத்துவிட எனக்கும் ஆசை வந்தது. வரவில்லை என்றால் பொய். அப்படி ஆசைப்பட்ட ஆத்திரத்தையும் மனைவியிடம்தான் காட்டினேன். இத்தனை வருசமாக அந்தத் தட்டைக் காட்டி ஊரெல்லாம் பீற்றினேனே, ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"நான் செய்த வேலையில நீங்கள் புகழ்ந்தது அது ஒண்டுதான்," என்றா மனைவி. "அதையும் ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

அவவின் கையிலிருந்த சாப்பாட்டுப் பாசலை வாங்கி சீற்றில் வைத்தேன். பிறகு காரை ஓட்டிப்போய் மூன்றாம் வகுப்பு வரிசையில், அந்த ஏ போட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். படிவத்தை எடுத்து 'மாற்றம் செய்தவர்' கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதத் தொடங்கினேன். கட்டம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினேன்.