ஆமை முட்டைக்கு வைத்த ஆணி

இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகுமா என்று என் மகள் கேட்கிறாள். எங்கள் ஜவ்வாது மலையில் கோழியை அடை வைக்கும்போது கூடையில் இடிக்குக் காப்பாக ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரியும் போடாமல் யாரும் முட்டை வைப்பதில்லை. நான் படித்தவள்தான், இருந்தும் போடுகிறேன். அப்படிக் கேட்கும்போது மகள் கையில் துருப்பிடித்த ஆணி ஒன்று இருக்கும். அதை அவளுக்குக் கொடுத்தவள் என் நாத்தனார்.

நாத்தனார் மெட்ராஸில் ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்றிருப்பவள். சனி, ஞாயிறுகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய், ஆமை முட்டைகளை நாயும் மனிதரும் தோண்டாமல் காப்பாள். அவள் மலைக்கு வந்து அந்தக் கதைகளைச் சொன்னால் என் மகள் சோற்றை மறந்து கேட்பாள். என் கதைக்கு ‘உம்’ கூடக் கொட்டாதவள். அதனால்தான் போன பங்குனியில் நாத்தனார் கூப்பிட்டதும், மகளோடு நானும் போளூரில் பஸ் மாறி மெட்ராஸ் போனேன்.

விடியலில் மணலில் தடம் தேடி நடந்தோம். முட்டைகளை வாளியில் சுமந்து வந்து, வேலி கட்டிய இடத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். நான் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. நாத்தனார் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். மதியம் வானம் இருட்டி இடி இடித்தது. சோளக்கதிர் சுடுபவளிடம் கரித்துண்டு வாங்கி, வேலியோரம் கிடந்த ஆணியையும் எடுத்து, நான் மூடிய குழியின் மேல் புதைத்தேன்.

“இன்னாக்கா, ஆமைக்கும் திருஷ்டியா?” என்றான் ஒரு மாணவன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது என் மகள்.

“இது அடைக்கோழி இல்ல அண்ணி. அம்மா ஆமை முட்ட போட்டுட்டு கடலுக்குப் போய்டும். அப்புறம் எட்டிக்கூடப் பாக்காது” என்றாள் நாத்தனார்.

“அப்போ அத்தைதான் அதுங்களுக்கு அம்மாவா?” என்றாள் மகள்.

நாத்தனார் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கடல் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், “ஜூன்ல எங்கிட்ட வுடுங்க அண்ணி. எங்க ஸ்கூல்லயே ஒண்ணாவது சேத்துடறேன்” என்றாள். எங்கள் மலைப் பள்ளியில் ஒரே வாத்தியார். மழை பெய்தால் அவரும் மலையேற மாட்டார். அனுப்புவதுதான் நல்லது என்று தெரிகிறது. “உனக்கு இன்னா தோணுதோ செய்” என்கிறார் கணவர். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறேன். மறுகணமே, இது பயமா பொறாமையா என்று என்னையே சந்தேகப்படுகிறேன்.

போன வாரம் நாத்தனார் வந்தாள். “குஞ்சுங்க கடலுக்குப் போய்டுச்சு. அதுவரைக்கும் நீங்க வெச்சத நான் எடுக்கவே இல்ல அண்ணி” என்று அந்த ஆணியைக் கொடுத்தாள், என் கையில் அல்ல, மகள் கையில். அன்று கடற்கரையிலேயே நாத்தனார் அதைத் தூக்கி எறிந்திருந்தால் இன்று அனுப்ப மாட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று காலை கோழியை அடை வைத்தேன். மகள் ஓடிவந்து அந்த ஆணியைக் கூடையில் போட்டாள். “அத்தை ஆணி” என்றாள். அது நான் வைத்த ஆணி.

பிள்ளையை வேறு வீட்டில் படிக்க விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். லீவுக்கு வந்தபோது அது யார் பக்கத்தில் படுத்துக்கொண்டது?