பிரகாசத்தின் ஊமை ஓட்டம்

திண்டிவனத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பிரகாசத்தின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு ஆன்ட்டி" என்றாள். காபி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். முந்தின நாள் சாயங்காலம்தான் வழக்கம்போல என்னோடு சண்டை போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிப்போன மனிதர்! என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெடுஞ்சாலையோரம் இருக்கிற எங்கள் பூங்காவில் தலையாட்டி, வாய் திறந்து, உறுமுகிற டைனோசர்களைப் பழுதில்லாமல் ஓட வைத்தவர் அவர். அவற்றை இயக்குகிற கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவள் நான். அவர் மீசைக்கு மை, சட்டைக்கு இஸ்திரி எல்லாம் உண்டு. வாய்க்குப் பூட்டுதான் கிடையாது.

கேட் திறப்பதற்கு முன் எல்லா மிருகங்களையும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டச் சொல்வார். ஊமை ஓட்டம் என்று அதற்குப் பெயர். "சத்தத்த அமுக்குங்க மேடம். இதுங்க கத்திக்கினு இருந்தா நோவு எங்கன்னு எப்படித் தெரியும்?" என்பார். ரப்பர் தோலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் அடியில் இரும்புச் சட்டமும் மோட்டாரும்தான். தேய்ந்த பேரிங் முனகும், காய்ந்த மூட்டு கீச்சிடும். உறுமலைப் போட்டால் அதெல்லாம் அமுங்கிப்போகும்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வேன்கள் எங்களிடம் நிற்கும். தண்ணீர் குடிப்பதுபோலக் குனிந்து நிமிரும் நீளக்கழுத்து டைனோசரின் வாயில் ஒருமுறை ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டார். தாடை சிக்கி மோட்டார் புகைந்தது. பிரகாசம் கத்தப்போகிறார் என்று நான் ஓடினேன். "ஆத்தா, இது சாமியில்ல, மோட்டாரு. பழத்தக் கீழ வெச்சிக் கும்பிட்டுக்க" என்று பழத்தை எடுத்து அந்த அம்மாளின் கையிலேயே கொடுத்தார். கத்தலையெல்லாம் எனக்கென்று மிச்சம் வைத்திருந்தார்.

இனி ஒன்றைச் சொல்லலாம். இப்போது அவரை யாரும் வேலையைவிட்டு எடுக்க முடியாது. ஒருநாள் காலை ஊமை ஓட்டத்தில் மூன்று கொம்பன் டைனோசரின் கழுத்து கண்ட்ரோல் ரூம்வரை கேட்கும்படி கீச்சிட்டது. பக்கத்திலேயே நின்றவர் அப்படியே அடுத்ததற்கு நகர்ந்துவிட்டார். இறங்கிப் போய், "கேக்கலையாண்ணே?" என்றேன். முறைத்தார். பிறகு, "ரெண்டு காதும் போய்க்கினு இருக்குது மேடம். மொதலாளிக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாரு. பொண்ணு இன்னும் படிச்சிக்கினு இருக்குது" என்றார்.

"கீழ கொழந்தைங்க நிக்கிறாங்கண்ணே!" என்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலைகுனிந்து நின்றவர், "அப்ப நீங்க கேளுங்க. நான் தொட்டுப் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். ஒருநாள் பெரிய மாமிசத்தின்னி தலையைத் திருப்பும்போது டக்கென்று கேட்டது. கழுத்து என்றேன். அவர் உள்ளங்கையைக் கழுத்தில் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். "கழுத்து இல்ல மேடம், தோளு." தோலை அறுத்துப் பார்த்தால் வெல்டிங்கில் விரிசல். அன்று நல்ல கூட்டம். நிறுத்தக் கூடாது என்று முதலாளி குதித்தார். "தல கீழ வந்தா நீங்க புடிப்பீங்களா?" என்றார் பிரகாசம். முதலாளி போன பிறகு விரிசலைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். "பயமாத்தான் இருக்குது மேடம். பயம் வுட்டுப்போச்சுன்னா இந்த வேலைக்கு வரக் கூடாது" என்றார்.

அவரை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஊமை ஓட்டம் பார்த்தேன். பெரிய மாமிசத்தின்னி திரும்பும்போது எதுவோ உரசியது. எனக்கு நன்றாகவே கேட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அவரைப்போலவே கையை வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி அதிர்ந்தது. அதன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். வெளியே வேன்கள் சேர்ந்துவிட்டன. "சின்னச் சத்தம்தானேம்மா, இன்னைக்கு ஒருநாள் ஓட்டிடு" என்றார் முதலாளி, போனில்.

"எங்கன்னு தெரியாம ஓட்ட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பெரியதை நிறுத்தினேன். சுற்றிலும் கயிறு கட்டி, முடிச்சுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். பிரகாசத்தின் கைப்பழக்கம் எனக்கு வரவில்லை. அவருடைய பயம் வந்திருக்கிறது. அதை யாருக்காகவும் விடமாட்டேன்.