கழுவிக் கெட்டவர்

என் பெரியப்பா சலவைக்கடை வைத்திருக்கிறார். சட்டைக் காலரில் படிந்த அழுக்கை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதைத் தினமும் அவரே சொல்லுவார். தேய்த்தால் போகாத அழுக்கு உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை. அதனால் போன வருடம் ஆசனவாயில் அரிப்பு வந்தபோது, அங்கேயும் அழுக்குதான் மிச்சமிருக்கிறது என்று முடிவு கட்டினார். காலருக்குப் போடும் அதே சோப்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நாளைக்கு நாலு தடவை. அரிப்பு இரட்டிப்பானது.

"அது என்ன, சட்டைக் காலரா?" என்றார் பெரியம்மா, குளியலறைக்கு வெளியே நின்று.

"உனக்குத் தொழில் தெரியாது. பேசாம போ."

அந்தச் சமயம் பார்த்து, ஒரு பெரிய ஹோட்டலின் மேனேஜர் படுக்கை விரிப்புகளை வெளுக்கக் கொடுப்பது பற்றிப் பேச வருவதாக இருந்தார். அது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். பெரியம்மா பெரியப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சோப்பு போட்டே தோலை ரணமாக்கி வச்சிருக்கீங்க. இனிமே வெறும் தண்ணி போதும். மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. பருத்தி ஜட்டி போடுங்க. சொறியவே கூடாது. ரெண்டு வாரத்துல அடங்கலைன்னா திரும்ப வாங்க" என்றார்.

"முப்பது வருஷமா சோப்போட வாழறவன்கிட்ட சோப்பு வேண்டாம்னு சொல்லுது அந்தப் பொண்ணு" என்று வழியெல்லாம் பொருமினார் பெரியப்பா. ஆனாலும் மூன்று நாள் அடங்கி இருந்தார். அரிப்பும் கொஞ்சம் அடங்கியது. மேனேஜர் வரும் காலையில், முக்கியமான நாளாயிற்றே என்று, ஒரே ஒரு தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.

"நான் வேணா பேசறேன், நீங்க உள்ள இருங்க" என்றார் பெரியம்மா.

"நீ போய் காபி போடு."

மேனேஜர் வந்து எதிரே உட்கார்ந்தார். பெரியப்பா பத்து நிமிடம் தாங்கினார். பிறகு நாற்காலியில் இப்படியும் அப்படியும் சாய்ந்தார். பிறகு வலது கை தானாகப் பின்னால் போனது. போன கை திரும்பி வந்து, மாதிரிக்கு வெளுத்து வைத்திருந்த வெள்ளை விரிப்பை எடுத்து நீட்டியது. மேனேஜர் அதை வாங்கவில்லை. "சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் ஹோட்டலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"கிடைச்சிருச்சு. ஒரு நிபந்தனை போட்டிருக்கார்."

"என்னவாம்?"

"விரிப்பை நீங்க தொடக்கூடாதாம்."

வெறும் தண்ணீரிலேயே பெரியப்பாவின் அரிப்பு இரண்டு வாரத்தில் போய்விட்டது. நிபந்தனை போகவில்லை. இப்போது அவர் துணி மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டுகிறார், கையுறை போட்டுக்கொண்டு. மேனேஜர் வருகிற நாட்களில் அந்த வேலையும் கிடையாது.